ஓசூருக்கு அந்தப் பக்கம்

பஸ்ஸில் ஏறினால் எனக்கு வாந்தி வந்துவிடும். சிலருக்கு மலைப்பாதையில் வரும், சிலருக்கு வெறும் வயிற்றோடு போனால் வரும். எனக்கு அப்படியெல்லாம் காரணம் எதுவும் வேண்டாம். கீரப்பாளையத்தில் ஏறினால் புவனகிரிப் பாலம் தாண்டும்போது வாய் ஊற ஆரம்பிக்கும். சேத்தியாத்தோப்பு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

அதனால் பஸ் இல்லாத ஒரு வாழ்க்கையை நான் அமைத்துக்கொண்டிருந்தேன். கீரப்பாளையத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. சிதம்பரத்தில் துணிமணி, மளிகை வாங்க முதலில் சைக்கிள் இருந்தது, பிறகு ஸ்கூட்டி வந்தது. தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது அண்ணாகிராமம் பக்கம் ஒரு பள்ளியைக் கொடுத்தார்கள். தினமும் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியூர்க் கல்யாணங்களுக்கு என் கணவர் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருவார். ஒரே ஒருமுறை, விருத்தாசலத்தில் என் சித்தி மகளின் கல்யாணத்துக்கு, வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். வாந்தி வரவில்லை. ஆனால் தாலி கட்டும்போது மண்டபத்து மூலையில் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தேன். கெட்டிமேளத்துக்குக்கூட எழவில்லையாம். இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரே பெண். சிதம்பரத்தில்தான் கல்யாணம் செய்தோம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. குடித்தனம் வைக்க என் கணவர்தான் பாத்திரம் பண்டமெல்லாம் எடுத்துக்கொண்டு கூடப் போனார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் இங்கே வருவார்கள். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் என் மகள் குடியிருக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. அடுப்பு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவள் போனில் சொல்வாள், நான் மனதில் வரைந்துகொள்வேன்.

2008 தொடக்கத்தில், பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில், அவளிடமிருந்து போன் வந்தது. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு இங்கே அழைத்துவருவதாக இருந்தோம்.

"அம்மா, டாக்டர் அசையவே கூடாதுங்குறாங்க. நஞ்சுக்கொடி கீழ எறங்கியிருக்காம். படுத்தே இருக்கணுமாம். ஊருக்கெல்லாம் வர முடியாதும்மா."

"சரி, அப்போ நான் வரேன்," என்றேன்.

"நீ எப்படிம்மா வருவ? ஒனக்குத்தான் ஒத்துக்காதே. அப்பாவ அனுப்பு போதும். அப்பா நல்லாத்தான் சமைப்பாரு. நீ இத நெனச்சி கஷ்டப்படாத," என்றாள்.

படுக்கையில் கிடக்கிறவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லை என்றால் வேறு யார் இருப்பார்கள்?

போனை வைத்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் மின்சார இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"எப்படிப் போவ? ரயில்தான் இல்லையே."

அது உண்மைதான். அந்த வருடங்களில் விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே தண்டவாளத்தை அகலப்படுத்துகிறோம் என்று பாதையையே மூடிவிட்டார்கள். சிதம்பரம் ஸ்டேஷனில் ஆடு மேய்ந்தது. கார் என்றால் எனக்கு இன்னும் மோசம், கதவைச் சாத்தியதுமே புரட்டும்.

"பஸ்லதான்," என்றேன்.

"சேத்தியாத்தோப்பு போவ முடியாது ஒன்னால. பெங்களூரு கர்நாடகாக்காரன் ஊரு. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆவும்."

"பத்தாவது பரிட்சை முடியிற வரைக்கும் எனக்கு எப்படியும் லீவு கெடைக்காது. இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு. அதுக்குள்ள பழகிக்கறேன்."

"பழகறதா? பஸ்ஸ எப்படிப் பழகுவ?"

அது எனக்கும் தெரியவில்லை. ஆனால் வகுப்பில் வராத கணக்கை என்ன செய்வோம்? சின்னதிலிருந்து ஆரம்பிப்போம், ஒவ்வொரு படியாக. அதையே செய்வது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சனிக்கிழமையே கிளம்பினேன். தனியாக. வாந்தி எடுப்பதைத் தெரிந்தவர்கள் யாரும் பார்க்க வேண்டாம் என்று அவரை வர வேண்டாம் என்றுவிட்டேன். பள்ளியில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகணும், நியூஸ் பேப்பர் மேல் உட்காரணும், இஞ்சியை வாயில் அடக்கிக்கணும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புவனகிரி வரை போனேன். கையிலிருந்த பழத்தின் வாசனையே போதுமாக இருந்தது. எத்தனை வருடமாக ஒவ்வொரு வாந்திக்கும் முன்னால் அதை முகர்ந்திருக்கிறேன்! அந்த வாசனை வந்தால் வயிறு தயாராகிவிடுகிறது. இறங்கிச் சாக்கடை ஓரம் நின்று எடுத்துவிட்டு, பழத்தையும் அங்கேயே வீசினேன். திரும்பி நடந்தே வந்தேன்.

அடுத்த வாரம் பழமும் இல்லை, இஞ்சியும் இல்லை. இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுவிட்டு ஏறினேன். முன்பக்கம், கண்டக்டர் பக்கத்து முதல் சீட். கண்ணாடி வழியாக ரோடு முழுவதும் தெரிந்தது. பாலம் தாண்டும்போது வாய் ஊறியது, ஆனால் வரவில்லை. அதற்கடுத்த முறை அந்த சீட் கிடைக்காமல் பின்னால் உட்கார்ந்தேன், பக்கத்தில் ஒரு அம்மா அவித்த முட்டையை உரித்தார்கள், அவ்வளவுதான். இப்படி ஒவ்வொரு வாரமும் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் இருப்பவரோடு தலையைத் திருப்பிப் பேசக் கூடாது. ரோட்டின் கோடியைப் பார்க்க வேண்டும், ஓரத்து மரங்களைப் பார்க்கக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. முதல் சீட் இல்லையென்றால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

மனதைத் திருப்பவும் ஒன்று வேண்டியிருந்தது. சாமி பாட்டு சொல்லிப் பார்த்தேன். மனப்பாடமானது தானாக ஓடுகிறது, நினைப்பு வயிற்றுக்கே திரும்பிவிடுகிறது. கடைசியில் வாய்ப்பாடு கைகொடுத்தது. இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு அல்ல, பதினேழாம் வாய்ப்பாடு, பத்தொன்பதாம் வாய்ப்பாடு. யோசித்துச் சொல்ல வேண்டும். வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்த என்னைப் பார்த்து ஒரு கண்டக்டர், "இன்னாம்மா, கோயிலுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பதிமூன்று பத்தொன்பது எவ்வளவு என்பதில் இருந்தேன்.

சேத்தியாத்தோப்பை வாந்தி இல்லாமல் தாண்டிவிட்ட பிறகு திசையை மாற்றினேன். பெங்களூர் போவதென்றால் முதலில் கடலூர், அங்கிருந்து பண்ருட்டி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர். ஆகவே கடலூர் பழக வேண்டும்.

கடலூர் பயணத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. முதல் சீட்டில்தான் இருந்தேன். பரங்கிப்பேட்டைப் பிரிவில் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தொப்பி. எங்கோ விசேஷத்துக்குப் போகிறவர் போல அத்தர் மணத்தது. நல்ல அத்தர்தான். ஆலப்பாக்கம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வாய்ப்பாடு எல்லாம் குழம்பிப் போயிற்று. பையிலிருந்து கவரை எடுப்பதற்குள் அவருடைய வேட்டியில் கொட்டிவிட்டேன்.

அவர் துள்ளி எழுந்தார். "அட என்னம்மா நீங்க! நிக்காஹ் வீட்டுக்குப் போற மனுசன்! ஒத்துக்காதுன்னு தெரியும்ல? தெரிஞ்சும் எதுக்கு பஸ்ல ஏறுறீங்க? வூட்ல இருக்க வேண்டியதுதானே!"

பஸ்ஸே என்னைப் பார்த்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கி வேட்டியில் ஊற்றித் துடைத்துக்கொண்டே இன்னும் திட்டினார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்றுதான் முப்பது வருடமாக நானும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எம் பொண்ணு பெங்களூர்ல படுத்துக் கெடக்குறா. வயித்துப் புள்ளக்காரி. அவகிட்டப் போவணும். அதுக்குத்தான் பழகறேன்," என்றேன்.

அவருக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பின்னால் வேறு சீட் பார்த்துப் போய்விட்டார். கண்டக்டர் மண் கொண்டுவந்து போட்டார். எனக்குக் கண்ணீர் வந்தது. ஆனால் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. இறங்கினால் இனி ஏறமாட்டேன் என்று தெரிந்ததால் உட்கார்ந்தே இருந்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, ஒரு சோடா குடித்துவிட்டு, அடுத்து வந்த சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் குடிக்க மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மெதுவாக, "நீ ஒடம்பக் கெடுத்துக்கற. இளைச்சிட்ட. நானே போறேன். ரசம், கூட்டு எல்லாம் வைக்கத் தெரியும் எனக்கு," என்றார்.

"கொழந்தையக் குளிப்பாட்டத் தெரியுமா? ராவுல அவ முதுகு வலிக்குதுன்னா அப்பாகிட்டச் சொல்லுவாளா?"

"ஹெட்மிஸ்ட்ரஸ் போஸ்ட்டுக்கு ஏறாத பஸ்ஸு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஆமா, அதுக்கு ஏறல. இதுக்கு ஏறுறேன்," என்றேன். அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். என் பக்கத்து சீட்டில் அவரே உட்கார்ந்தார், அத்தர்காரரோ முட்டைக்காரரோ உட்கார முடியாமல்.

கடலூர் இரண்டு தடவை நல்லபடியாக ஆனது. எல்லை தாண்டிப் பார்ப்போம் என்று ஒருநாள் பாண்டிச்சேரிக்குப் போனோம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த எல்லையை யாரும் காட்ட வேண்டியதில்லை. கடலூரைத் தாண்டி ஒரு பாலத்தைக் கடந்ததும் வரிசையாகச் சாராயக் கடை, ஒயின் கடை என்று போர்டுகள் வரும். "வந்துட்டோம், வெளி மாநிலம்," என்று என் கணவர் கையைக் காட்டினார். நான் வாந்தி எடுக்காமல் கடந்த முதல் எல்லை அதுதான். பீச்சில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி எங்கேயும் போனதில்லை.

ஆனால் திருவண்ணாமலைக்குப் போனபோது தோற்றுப்போனேன். பண்ருட்டி வரை நன்றாக இருந்தது. திருவதிகைக் கோயில் கோபுரத்தைக்கூடத் தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் கும்பிட்டேன். திருக்கோவிலூர் தாண்டியதும் ஆரம்பித்து, விட்டு விட்டு எடுத்தேன். அன்றைக்கே திரும்பி வரத் தெம்பில்லை. அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்பினோம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இரவு நன்றாகத் தூங்கி எழுந்தபின் அதே ரோடு, அதே வளைவுகள், கடலூர் வரை எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"ஏங்க," என்றேன் கடலூரில் இறங்கியதும், "எனக்குத் தாங்குறது மூணு மணி நேரம். அதுக்கு மேல தாங்கல. அப்போ மூணு மணி நேரமாவே போவோம்."

"அப்படீன்னா?"

"நேர் பஸ் வேண்டாம். கடலூர்ல எறங்கி உக்காருவோம். அப்பறம் திருவண்ணாமல. ராத்திரி தங்குவோம். காலைல கிருஷ்ணகிரி. எறங்கி டீ குடிப்போம். அப்பறம் ஓசூர். அங்கேர்ந்து வேற பஸ்."

"எட்டு மணி நேரப் பயணத்த ரெண்டு நாள் போவறதா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. நீண்ட லீவு கிடைத்தது. நேந்திரம் சிப்ஸ், வடகம், பிரசவ மருந்துச் சாமான், பழைய பருத்திப் புடவைகள் என்று இரண்டு பை கட்டினேன். நாளைக்குக் கிளம்புகிறோம் என்றிருக்கும்போது டிவியில் செய்தி. ஏதோ குடிநீர்த் திட்டத்தை வைத்து இரண்டு மாநிலத்துக்கும் தகராறு. பஸ்கள் எல்லையைத் தாண்டவில்லை.

"பார்த்தியா," என்றார் என் கணவர். அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். "ஒரு பத்து நாளு தள்ளிப் போடலாம்."

நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். விசாரணை ஜன்னலில் இருந்தவரிடம் கேட்டேன்.

"ஓசூர் வரைக்கும் போவும்மா. அதுக்கப்பால அவுங்க பஸ்ஸுதான். இப்ப நெலம சரியில்ல, அவசரமில்லன்னா போவாதீங்க."

"அவசரந்தான். ஓசூர்லேர்ந்து எல்லை எவ்ளோ தூரம்?"

"டவுன் பஸ் எல்லைக்கிட்ட விடுவான். அப்பறம் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். வெயில் ஜாஸ்தி. நடப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடக்கிறதா? என் வாழ்நாள் முழுக்க நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

கிளம்பினோம். கடலூரில் இறங்கி உட்கார்ந்தோம். திருவண்ணாமலையில் தங்கினோம். செங்கம் தாண்டி ஒருமுறை வாய் ஊறியது, இருபத்துமூன்றாம் வாய்ப்பாட்டுக்குப் போய்ச் சமாளித்தேன். கிருஷ்ணகிரியில் டீயோடு ஒரு பன் சாப்பிட்டேன். ஓசூரிலிருந்து டவுன் பஸ் எங்களை எல்லையை ஒட்டிய ஜூஜூவாடியில் இறக்கிவிட்டது.

ரோடு அகலமாகக் காலியாகக் கிடந்தது. போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள், தலையில் பெட்டி, தோளில் குழந்தை. அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் எங்களிடம், "பஸ் இருக்குது, போங்க," என்றார்கள். இந்தப் பக்கமிருந்து நாங்களும் அதையே சொன்னோம். பாதி தூரத்தில் என் கணவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவர் கையிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டேன்.

"மெதுவாப் போடி," என்றார்.

"நீங்க மெதுவா வாங்க. நான் போய் நெழல்ல நிக்கறேன்."

கடைப் பலகைகளில் எழுத்து மாறிய இடத்தில் நான் எல்லையைத் தாண்டிவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். அவரும் வந்து சேர்ந்தபோது அத்திப்பள்ளியில் சிட்டி பஸ் ஒன்று நின்றது. முதல் சீட் என்ன, நிற்கவே இடமில்லை. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏறினேன். இரண்டு மாதம் கற்றுக்கொண்டது எதுவும் அங்கே செல்லவில்லை. ரோடு தெரியவில்லை, முன்னும் பின்னும் ஆட்கள், வியர்வை, டீசல் புகை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். எந்த வாய்ப்பாடு சொன்னேன் என்று நினைவில்லை. பெங்களூர் பொம்மனஹள்ளியில் மாப்பிள்ளை காத்திருந்தார். படியிலிருந்து இறங்கி, அவரைப் பார்த்துச் சிரித்து, அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து அவர் காலடியிலேயே வாந்தி எடுத்தேன்.

"ஐயோ அத்தை!"

"ஒண்ணுமில்ல மாப்ள. முடிஞ்சிடுச்சி. வீடு எவ்ளோ தூரம்?"

"ஆட்டோல பத்து நிமிஷம்."

"நடந்தா?"

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர், "நடந்துடுங்க மாப்ள. அவ பைய வேணா வாங்கிக்குங்க, குடுத்தாள்னா," என்றார்.

என் மகள் சுவர் ஓரக் கட்டிலில் படுத்திருந்தாள். எழ முயன்றாள், நான் ஓடிப்போய்த் தோளை அழுத்தினேன். அவள் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்குப் போனேன். அவள் போனில் சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம் அடுப்பு இருந்தது, இல்லை, நான்தான் மாற்றி வரைந்திருக்கிறேன். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நஞ்சுக்கொடி கடைசிவரை இறங்கியே இருந்ததால் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி குறையில்லை. குழந்தைக்குத் தலை நிற்கும்வரை அங்கேயே இருந்து குளிப்பாட்டினேன். ஊருக்குத் திரும்பும்போது சென்னை வரை விமானத்தில் அனுப்புகிறேன் என்றார் மாப்பிள்ளை. வேண்டாம், அது வேறு எனக்கு எப்படி இருக்குமோ என்றேன். அதற்குள் பஸ்கள் எல்லை தாண்டி ஓட ஆரம்பித்திருந்தன. கடலூர் பஸ் ஒன்றில் முதல் சீட் பார்த்து உட்கார்ந்தேன். செங்கத்துக்கு முன்னால் ஒருமுறை கவரில் எடுத்தேன். கண்டக்டர் ஏதோ சொன்னார், நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. திருவண்ணாமலையில் பஸ் நின்றதும் முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, டிரைவர் ஹாரன் அடிப்பதற்கு முன்பே என் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.